தீயும் தண்ணியும் படாத தித்திப்பு

எங்கள் ஹாஸ்டலில் அடுப்பு கூடாது. ஸ்டவ் கூடாது, ஹீட்டர் கூடாது, இஸ்திரிப் பெட்டிகூடக் கீழ்க் கூடத்தில்தான். வார்டன் மாடிப்படி ஏறும்போதே மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் பின்னால் வருவாள். அப்படிப்பட்ட இடத்தில் வருஷம் தவறாமல் தீபாவளிக்கு மிட்டாய் செய்தாள் ஒருத்தி. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அவள் பிறந்த தெருவில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களுக்கு நான் எதற்குத் தீனி போட வேண்டும்.

நான் கும்பகோணத்துக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியும் நிறைய அழுகையுமாகத் திருவனந்தபுரத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினேன். வழுதக்காட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். மேல்மாடி மூலை அறையில் மூன்று கட்டில்கள். ஒன்று எனக்கு. ஒன்று கோட்டயத்திலிருந்து வந்து நர்சாக வேலை பார்த்த மேரிக்குட்டிக்கு. ஜன்னலோரக் கட்டில் அக்காவுக்கு. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆள் குள்ளம், குரல் மட்டும் நல்ல உயரம்.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. யாராவது "முடியாது" என்று சொன்னால் அது அவள் காதில் "எப்படி முடியும்" என்றுதான் விழும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, கூட இருந்தவர்களுக்கு இதனால் எவ்வளவு தொந்தரவு என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருநாள் பஸ்ஸில், நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது என்றார் கண்டக்டர்.

"பின்னே எங்க நிக்கும்?"

"அடுத்த ஸ்டாப்பில்."

"நடுவுல வளைவுல மெதுவாப் போகுமோ?"

"போகும்."

"போறும்," என்று சொல்லிவிட்டு, வளைவு வந்ததும் என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்துவிட்டாள். முழங்கால் சிராய்த்தது எனக்கு. கண்டக்டர் எட்டிப் பார்த்து என்னைத்தான் திட்டினார்.

கேட்டால் எக்ஸ்சேஞ்சைக் காட்டுவாள். நாள் முழுக்க டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்க முடியும் என்பாள். "எங்கேஜ்டு டோன் வந்தா சந்தோஷப்படணும், கேட்டயா. அங்க ஆள் இருக்கான்னு அர்த்தம். மணி அடிச்சுண்டே இருந்து யாரும் எடுக்கலைன்னாத்தான் கவலைப்படணும்."

நான் வந்த வருஷம் தீபாவளிக்கு ஒரே ஒருநாள் லீவு. ஓணத்துக்கு ஊரே காலியாகிற இந்த ஊரில் தீபாவளி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கும்பகோணம் போய்வர ஒருநாள் எந்த மூலைக்கு. நான் முதல்நாள் மாலை சுவரைப் பார்த்துப் படுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் செய்தித்தாள் விரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா தன் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பலகையின்மேல் கடை பரப்பிக்கொண்டிருந்தாள். பால்பவுடர், டின்னில் அடைத்த கெட்டிப்பால், மெஸ்ஸிலிருந்து துருவி வாங்கிவந்த தேங்காய், பொடித்த ஏலக்காய்.

"என்னக்கா இது?"

"தீபாவளியாக்கும். எழுந்து கையை அலம்பிண்டு வா."

அலம்பிக்கொண்டு வந்தேன். சும்மா விடவில்லை. இரண்டு கையையும் ஃபேனுக்கு அடியில் நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். ரேகை உலர்ந்து சுருங்குகிறவரை நின்றேன். மேரிக்குட்டி ஏற்கெனவே அதே மாதிரி கையை நீட்டிக்கொண்டு, இதெல்லாம் பழகிவிட்ட முகத்தோடு நின்றிருந்தாள். ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாதாம். எதற்கு என்று கேட்டேன். "அப்படித்தான்," என்றாள் அக்கா.

பாலும் பவுடரும் தேங்காயும் ஒரு பாத்திரத்தில் விழுந்தன. அவள் பிசைய ஆரம்பித்த உடனேயே "ஆச்சு" என்றாள். அது களியாக விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், ஆரம்பிக்கும்போதே ஆகிவிடும். பவுடரை இன்னும் கொஞ்சம் தூவித் தூவிப் பிசைந்தாள். களி சப்பாத்தி மாவானது. மாவை எவர்சில்வர் தட்டில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்திச் சமப்படுத்தி, மேரிக்குட்டியின் ஸ்கேலை வைத்துச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டாள். ஓரத்தில் உதிர்ந்ததை எங்களுக்கு உருட்டிக் கொடுத்தாள். தீயே காணாத அந்த மிட்டாய், எங்கள் ஊரில் நாள் பூராவும் அடுப்படியில் வெந்து செய்கிற தேங்காய் பர்பிக்குக் கொஞ்சமும் குறைவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எங்கம்மா காதில் விழாத தூரத்தில் இருக்கிறேன்.

சதுரங்களில் நல்லதாகப் பார்த்து ஒரு நீல டப்பாவில் அடுக்கினாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு, டப்பாவோடு கிழக்கேகோட்டை பஸ் ஏறினாள். பஸ்ஸில் போனால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரத்தில் அவள் வீடு இருக்கிறது, அதில் அம்மாவும் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "சொந்த ஊரில் வீடு இருக்க, எதற்கு ஹாஸ்டல்?" என்று வாயைத் திறந்தேன். மேரிக்குட்டி என் காலை மிதித்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தார். அக்கா அவரை அம்பி என்பாள். பேங்கில் வேலை, மெலிந்த மனிதர், எப்போதும் மன்னிப்புக் கேட்கப்போகிறவர் போலவே நிற்பார். கையில் அந்த நீல டப்பா. திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது.

"அம்மா என்ன சொன்னா?" என்றாள் அக்கா.

"பால்காரன் தண்ணி கலக்காத பால் இந்த லோகத்துல உண்டோன்னு கேக்கறா."

"ஓ," என்றாள் அக்கா. "அது செரிதான். பாலை எடுத்துடலாம்."

டப்பா மாடிக்கு வந்தது. ஹாஸ்டல் முழுக்க விநியோகம் ஆனது. வார்டனுக்குக்கூட ஒன்று போனது. அக்கா மட்டும் அதிலிருந்து ஒரு துண்டும் எடுத்து வாயில் போடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கேட்டேவிட்டேன். அவள் மறைக்கவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை, நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஒரு வரன் நிச்சயமாகியிருந்தது. பெரிய இடம். தாம்பாளம் மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போலச் சொன்னாராம். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. அக்கா உள்ளேயிருந்து வந்து, "விட மாட்டேன்," என்றாள். அவ்வளவுதான். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா தூணில் சாய்ந்து சரிந்துவிட்டாள். அக்கா ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே என் ஆயுசுக்கும் உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"எங்கம்மா ஒண்ணு சொன்னா சொன்னதாக்கும்," என்றாள் அக்கா. "மாத்த மாட்டா. மாத்தினா அப்பறம் அவ எங்கம்மாவே இல்லை. அதனால அந்த வார்த்தை அப்படியே இருக்கணும். ஆனா, தண்ணிதானே வேண்டாம்னா? தித்திப்பு வேண்டாம்னு சொல்லலையே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஊர் உலகத்தில் எல்லோரும் கோபத்தில் சொல்கிற ஒரு பேச்சு அது. எங்கள் தெருவிலேயே ஒரு நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள், சாயங்காலம் காப்பி வாங்கிக் குடிப்பார்கள். இவள் அதைப் பிரித்து, அதில் தண்ணீர் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் படாத ஒரு பலகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மாவின் சொல்லும் உடையக் கூடாது, அம்மா இவள் கையால் சாப்பிடவும் வேண்டும். ஹாஸ்டலில் தீ கூடாது, வீட்டில் தண்ணீர் கூடாது, இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்ததுதான் அவளுடைய மிட்டாய். நான் வருவதற்கு முந்தின வருஷம் பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் போட்டுச் செய்தாளாம். பிஸ்கட் மாவைத் தண்ணீர் விட்டுத்தானே பிசைவார்கள் என்று டப்பா திரும்பி வந்துவிட்டதாம்.

நான் சொன்னேன், "அக்கா, அவங்களுக்கு வேண்டாம். அதைச் சொல்ல ஒரு சாக்கு, அவ்வளவுதான்."

"வேண்டாம்னு ஒரு வருஷமாவது சொன்னாளோ? தண்ணி இருக்குன்னுதானே சொல்றா."

அடுத்த வருஷத்துக் கூத்துக்கு நானும் மேரிக்குட்டியும் பொறுப்பு. இல்லை, பொறுப்பு எங்கள் பாஷைகளுடையது. பாலை எடுத்துவிட்டதால் தேங்காயும் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் மட்டும் என்று திட்டம். மேரிக்குட்டி டியூட்டி முடிந்து சாலைக் கடைத்தெரு வழியாக வருவாள் என்று, "வரும்போது ஒரு கிலோ சர்க்கரை வாங்கிட்டு வா," என்று சொல்லி அனுப்பினேன். துலா மாதத்து மழை அடித்து ஊற்றியது. தொப்பலாக நனைந்து, பொட்டலத்தைப் புடவைக்குள் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரித்தால் கருப்பாக, உருண்டை உருண்டையாக வெல்லம்.

"என்னடி இது?"

"சர்க்கர. சர்க்கர தன்னே அல்லே பறஞ்ஞது?"

அவள் ஊரில் வெல்லத்துக்குத்தான் சர்க்கரை என்று பெயர். நாம் சர்க்கரை என்பதை அவர்கள் பஞ்சசார என்பார்கள். வந்து ஒரு வருஷமாகியும் எனக்கு இது உறைக்கவில்லை. "எனக்கு வெல்லம் எதுக்கு? வெல்லமா கேட்டேன்?" என்று கத்தினேன். மேரிக்குட்டி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலைக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். கோபத்தில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

அக்கா பாய்ந்து வந்து அந்த டம்ளரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே கொட்டினாள். தண்ணீரைத் தேங்காய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாளே என்று. பிறகு கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "சர்க்கரை கேட்டோம், சர்க்கரை வந்துது. இனி என்ன? சீவு," என்றாள். கடைக்குத் திரும்பப் போகலாமே என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. "நன்னா வரும். சீனியைவிட நன்னா வரும்."

நன்றாகத்தான் வந்தது. அன்று ராத்திரி வரை. ஈரக்காற்றில் வெல்லம் இளகி, பச்சைத் தேங்காயும் சேர்ந்துகொள்ள, விடிந்தபோது ஒவ்வொரு உருண்டைக்கும் அடியில் பழுப்பாக ஒரு கசிவு. அதோடேயே கொண்டுபோனாள். போகாதே என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு வாரத்தில் அம்பி வந்து நின்றார்.

"ஈரம் கண்ணுக்கு எதிரே நிக்கறது, இதுக்குத் தண்ணின்னு பேர் இல்லைன்னா வேற என்ன பேர்னு கேக்கறா. தேங்காய்க்குள்ள இருந்ததும் தண்ணிதானேங்கறா."

"கொப்பரைக்கு மாறிக்கலாம்," என்றாள் அக்கா.

மேரிக்குட்டி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தன்னால்தான் கெட்டது என்று மெத்தையில் குப்புறப் படுத்து அழுதாள். அக்கா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, தப்பு உன்னுடையது இல்லை, கும்பகோணத்துடையது என்று சமாதானம் சொன்னாள். அந்த அம்மாளை நான் கண்ணால் கண்டதில்லை, ஆனால் அன்றைக்கு எதிரில் வந்திருந்தால் ஏதாவது சொல்லித்தான் இருப்பேன்.

மூன்றாம் வருஷம் கொப்பரை, பொடித்த சர்க்கரை, பிடிக்க நெய். மேரிக்குட்டி ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். ஃபேனுக்கு அடியில் நின்று கை ஓய்ந்துபோய், சீக்கிரம் உலரட்டும் என்று உள்ளங்கையில் முகப்பவுடரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டுவிட்டாள். அந்தத் தட்டு முழுக்க மல்லிகை வாசனை. அதை வார்டனுக்கென்று ஒதுக்கினோம். வார்டன் தின்றுவிட்டு, இது எந்தக் கடை எசென்ஸ் என்று கேட்டாள்.

அந்த வருஷமும் டப்பா திரும்பி வந்தது. வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு அலசாமல் யாராவது நெய் காய்ச்சினது உண்டா என்று அம்மா கேட்டிருந்தாள். அக்கா அதற்கும் "ஓ," என்றாள். ஆனால் அன்று டப்பாவைக் கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். குழாய் திறந்தபடி இருந்தது, டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வந்ததைக் கவனித்ததும் குழாயை மூடினாள்.

"தப்பு என்ன தெரியுமோ? டப்பாவைக் கொடுத்துட்டு நான் பாட்டுக்குத் திரும்பி வந்துடறேன். லைனைப் போட்டுட்டுக் கட் பண்றாப்பல. அடுத்த தடவை அங்கேயே நின்னு பேசணும்."

அடுத்த தடவை என்பது கடைசித் தடவையாக இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மறு வருஷம் ஆவணி வாக்கில் அம்பி வந்து, பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது, தை பிறந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பம்பாயிலிருந்து இனி இந்தப் பக்கம் வருவாளா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அப்போ இந்த வருஷம் சரியா வரணும்," என்றாள் அக்கா. அவள் "வரணும்" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் "ஆச்சு" என்பவள்.

ஆரியசாலையில் தமிழ்ச் செட்டியார் கடை ஒன்றில் கொப்பரை வாங்கினாள். ஒவ்வொன்றையும் உடைத்து முகர்ந்து பார்த்து வாங்கினாள். கடைக்காரர் கோபித்துக்கொண்டார், அது அவளைத் தொடவில்லை. சர்க்கரைக்குப் பதில் கல்கண்டு. நெய்க்குப் பதில் தேன். தேன்காரன் தண்ணீர் கலக்கவில்லை என்று தன் குழந்தைகள்மேல் சத்தியம் பண்ணினான். "குழந்தைகளை விடு," என்று சொல்லிவிட்டு, செய்தித்தாள் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். தாள் ஊறவில்லை, சொட்டு உருண்டு நின்றது. வாங்கினாள்.

கொப்பரையை மெலிதாகச் சீவினோம். கல்கண்டைத் துணியில் முடிந்து பூட்டால் தட்டி, கண்ணாடிப் பாட்டிலை மேலே உருட்டிப் பொடியாக்கினோம். சத்தம் கேட்டு வார்டன் மாடி ஏறி வந்தாள்.

"எந்தா ஒரு பகளம்? ஸ்டவ் உண்டோ இவிடெ?"

கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, சீவலிலும் பொடியிலும் தேன் விட்டு ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டு, "சேச்சி, சத்தியமாச் சொல்லணும், இதுல வெள்ளம் உண்டோ?" என்று கேட்டாள்.

வார்டன் மென்றாள். "வெள்ளமோ? ஒட்டும் இல்லல்லோ." துளிகூட இல்லையாம். பிறகு, வந்த காரியத்தை மறந்து, இன்னொன்று கேட்டாள்.

அன்று நாங்கள் மூன்று பேரும் ஃபேனுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. யாரும் கேலி பேசவில்லை. தேனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உதிரியாக இருந்ததை இறுக்கிப் பிடித்து உருட்டினோம். ஈரக்காற்று படாமல் மெழுகுத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கினோம்.

"நீயும் வா," என்றாள் அக்கா என்னிடம். "சாட்சிக்கு."

போனேன். கோட்டைக்குள் நெருக்கியடித்த வீடுகளில் ஒன்று. அம்பி கதவைத் திறந்தார். எங்களைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கிச் சமையலறை வாசலில் வைத்தார். அம்மா உள்ளே இருந்தாள். நிலைப்படிக்கு அப்பால் ஒன்பது கெஜப் புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அக்கா போகவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்காவின் குரலேதான், வயதானது.

"அம்பி, அதுல பால் உண்டான்னு கேளு."

"இல்லைன்னு சொல்லு," என்றாள் அக்கா. அம்பி நடுவில் நின்றார், அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நெய்?"

"இல்லை. தேன்."

"தேங்காய்?"

"கொப்பரை. வெயில்ல கிடந்து எண்ணெயா நிக்கறது."

"சர்க்கரை?"

"கல்கண்டு."

"கல்கண்டுக்குத் தண்ணி விட்டுத்தானே பாகு காய்ச்சறா."

"தண்ணி முழுக்கப் போனாத்தான் அது கல்கண்டு. ஒரு சொட்டு நின்னாலும் பாகாக்கும்."

நான் மனதுக்குள் கைதட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"யாரெல்லாம் உருட்டினா?"

நான் அக்காவின் தொடையைக் கிள்ளினேன். பொய் சொல்ல வேண்டாம், "நான்" என்று மட்டும் சொன்னால் போதும், அது பொய்யும் ஆகாது. அந்த வீட்டில், அந்த அம்மாளிடம், அதற்குமேல் சொன்னால் எல்லாம் போயிற்று. அக்கா என் கையை எடுத்துவிட்டாள்.

"நான் உருட்டினேன். இவ உருட்டினா. எங்க ரூம் மேரிக்குட்டி உருட்டினா. ஜாஸ்தி உருட்டினது அவதான்."

அம்பி தரையைப் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. உள்ளே புடவை ஓரம் அசையவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"கையை அலம்பிண்டுதானே உருட்டியிருப்பா," என்றது குரல். "அந்த ஈரம்?"

"ஃபேனுக்கு அடியில காய வெச்சோம். மூணு பேரும்."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு எழுந்து, நிலைப்படியைப் பார்த்து நமஸ்காரம் பண்ணிவிட்டு வெளியே வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில், மேரிக்குட்டியைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நான் மெதுவாகச் சொன்னதற்கு, "அவளை மறைச்சு ஊட்டினா, அது நான் ஊட்டினதாகுமோ?" என்றாள்.

ஒரு வாரம் போனது. அம்பி வரவில்லை. இரண்டாவது வாரமும் போனது. மேரிக்குட்டி தினமும் டியூட்டியிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையாட்டுவேன். டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்க யாரும் எடுக்காமல் இருப்பதைப் பற்றி அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, அவளிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைவிட்ட நேரத்தில் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். விசிட்டர் அறையில் அம்பி நின்றிருந்தார். நாங்கள் இருவரும் மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டோம். அவர் கையில் குடை மட்டும்தான் இருந்தது.

"டப்பா எங்கடா?"

"ஆத்துல அம்மாகிட்டதான் இருக்கு."

"அம்மா என்ன சொன்னா?"

"தித்திப்பு ஜாஸ்தியாம்."

அக்கா வழக்கம்போலப் பதிலோடு தயாராக இருந்தாள். "அதுக்கென்ன, அடுத்த தடவை கல்கண்டைக் குறைச்சுண்டு, கொப்பரையை இன்னும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேரிக்குட்டி என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது அவளுக்குத் தெரிந்த மாதிரியும் இல்லை.

"அம்பி, அம்மா சொன்னதை அப்படியே சொல்லு. அவ சொன்ன மாதிரியே."

அம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னார்.

"அவகிட்ட சொல்லு, தித்திப்பு ஜாஸ்தி. மூணுக்கு மேல திங்க முடியலை."